பந்தைத் திருப்பி வாங்கும் நேரம்

சன்னிவேலில் கால்ட்ரெய்ன் ஏறியதிலிருந்து என் பத்து வயது மகன் போனை விட்டுத் தலை நிமிரவில்லை. பேஸ்பால் சிமுலேஷன் கேம். அதில் அவன்தான் அணியின் மேனேஜர். சான் மடேயோ தாண்டுவதற்குள் ஒரு புலம்பல். "அப்பா, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல தோத்துட்டேன்!"

எட்டிப் பார்த்தேன். ரிலீவர், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிட்சர். அவனுடைய தெம்பைக் காட்டும் பட்டை முழுச் சிவப்பு.

"ஏண்டா இவனை மாத்தல?"

"எட்டாவதுல மூணு பேரையும் அவுட் பண்ணானேப்பா. நல்லா போடறவனை எப்படி எடுக்கறது?"

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கும் முதலில் இதே குழப்பம்தான். அங்கே அஸ்வினை நிறுத்திவிட்டு, பத்து ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் வெளியே போனால் அன்றைக்கு வெளியேதான். புதிதாக வருபவரும், 2020-லிருந்து மேஜர் லீக் விதிப்படி, மூன்று பேட்டர்களுக்காவது போட வேண்டும், இல்லையென்றால் அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். அதனால் பட்டை சிவப்பான பிறகு யோசித்துப் பிரயோஜனமில்லை. மஞ்சளாகும்போதே அடுத்தவரை புல்பென்னில் தயார்செய்ய வேண்டும். வரப்போகும் மூன்று பேட்டர்கள் இடக்கையா, வலக்கையா என்று பார்க்க வேண்டும். ரிலீவர்கள் பலருக்கும் ஒரு இன்னிங்ஸ்தான் கணக்கு.

கடைசி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஆரக்கிள் பார்க். வலப்பக்கச் சுவருக்கு அப்பால் விரிகுடா, கையில் பூண்டு வாசனையோடு உருளைக்கிழங்கு வறுவல். முன்பெல்லாம் இங்கே புல்பென் மைதானத்தின் ஓரத்திலேயே இருந்தது. 2020-இல் அதை அவுட்ஃபீல்டு வேலிக்குப் பின்னால் மாற்றிவிட்டார்கள்.

இந்த மைதானத்தில்தான் 2014 அக்டோபர் 26 அன்று, உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், ஜயன்ட்ஸின் மேடிசன் பம்கார்னர் 117 பந்து போட்டு ஆட்டம் முழுவதையும் தனியாகவே முடித்தார். இரண்டே நாள் ஓய்வு. 29-ஆம் தேதி கான்சஸ் சிட்டியில் ஏழாவது ஆட்டத்துக்கு ரிலீவராக வந்தார். ஐந்து இன்னிங்ஸ், 68 பந்து. மேனேஜர் புரூஸ் போச்சி அவரைக் கடைசிவரை எடுக்கவில்லை. 3-2, கோப்பை ஜயன்ட்ஸுக்கு.

"பாத்தியாப்பா, எடுக்கலைல்ல!" என்றான்.

அவன் எதைச் சொல்கிறான் என்று புரிந்தது. போன ஏப்ரலில் அவனுடைய லிட்டில் லீக் ஆட்டம். பத்து வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்துதான் வரம்பு. 66-க்கு மேல் போட்டால் நான்கு நாள் ஓய்வு. 75 ஆனதும் கோச் பந்தை வாங்கிக்கொண்டார். காரில் ஒரே அழுகை. நானும் சும்மா இருக்கவில்லை. "இன்னும் ரெண்டு பேர்தானே?" என்று அவரிடம் போய்க் கேட்டேன். கோச் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். வளரும் பிள்ளைக்கு அங்கே எலும்பு இன்னும் முழுசாக இறுகியிருக்காது என்று அப்புறம்தான் படித்தேன். கேம் பட்டை மறுபடி பச்சையாகிவிடும். இவன் கையில் பட்டையே கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏழாவது இன்னிங்ஸில் மேனேஜர் மெதுவாக நடந்து வந்தார். பிட்சர் பந்தை அவர் கையில் வைத்தார். முதுகில் ஒரு தட்டு. சுற்றியிருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

"ஏன்பா தட்டறாங்க? அவரைத்தான் எடுத்துட்டாங்களே?"

"அவர் வேலையை முடிச்சுட்டார்டா."

ஒன்றும் சொல்லாமல் அவனும் தட்டினான்.

திரும்பும் ரயிலில் மறுபடி கேம். எட்டாவது இன்னிங்ஸ், பட்டை மஞ்சள். "இன்னும் ஒரு பேட்டர் போடட்டுமே" என்றேன். கேட்கவில்லை, மாற்றினான். புதிதாக வந்தவன் முதல் பந்திலேயே ஹோம் ரன் கொடுத்தான்.

"பாத்தியா?" என்றேன்.

"பரவால்லப்பா," என்றான். "அவனுக்குக் கை வலிச்சிருக்கும்."