படித்தோரே படைத்த இதழ்

ஓர் இதழின் வாழ்நாளை அதன் முதல் ஏட்டையும் இறுதி ஏட்டையும் கொண்டு கணக்கிடுவது வழக்கம். இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டு தோன்றிய 'ஒயிட் டுவார்ஃப்' என்னும் விளையாட்டு இதழை அவ்வாறு கணக்கிடப் புகுந்தால் விடை பிழைபடும். அப்பெயர் தாங்கிய இதழ் இன்றும் வெளிவருகிறது. ஆயினும், அதனை இளமையில் விரும்பிப் படித்தோர் பலர், அவ்விதழ் 1980-களின் இறுதியிலேயே முடிந்துவிட்டது என்பர். பெயர் நிற்க, பொருள் போயிற்று என்பது அவர்தம் குறை. இக்குறையில் உண்மை எவ்வளவு என்பது, மாணவர்க்கு எழுதக் கற்பிப்போர் ஆராய்ந்து பார்க்கத் தக்கது.

இதழைப் பேசுமுன், அது எந்த ஆட்டத்திற்காகத் தோன்றியதோ அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் அதனை இயற்றினர். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் கதை நடத்துநர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகி, போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ கள்வனாகவோ பேசுவர். "நீங்கள் ஒரு குகை வாயிலில் நிற்கின்றீர்கள். உள்ளே நீர் சொட்டும் ஓசை கேட்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று நடத்துநர் வினவுவார். மற்றவர் தத்தம் மாந்தரின் செயலைச் சொல்வர். வாள்வீச்சுப் படுமா தவறுமா என்பதை இருபது முகங்கொண்ட பகடை முடிவு செய்யும். தாயக்கட்டையும் கதை சொல்லும் பாட்டியும் ஒரே இடத்தில் வந்து அமர்ந்ததாக எண்ணிக்கொண்டால் பெரிதும் தவறாகாது.

இவ்வமைப்பில் ஒரு கட்டாயம் மறைந்து கிடக்கிறது. சதுரங்கம் ஆடுவோர்க்குப் பழைய காய்களே வாழ்நாள் முழுமைக்கும் போதும். இவ்வாட்டத்திற்கோ வாரந்தோறும் புதிய குகை வேண்டும். புதிய ஊர் வேண்டும். அவ்வூரை அச்சுறுத்தும் புதிய பூதம் வேண்டும். ஆகவே கதை நடத்துவோர் அனைவரும், விரும்பினும் விரும்பாவிடினும், எழுத்தாளர் ஆயினர். பதினான்கு வயதுச் சிறுவன் குறிப்பேட்டில் கோட்டையின் படத்தை வரைந்தான்; எந்த அறையில் யார் இருக்கின்றனர், அவர் எதற்கு அஞ்சுவர், எதற்கு ஆசைப்படுவர் என்றெல்லாம் எழுதினான். கட்டுரைப் பாடத்தில் நான்கு வரி எழுதத் தயங்குபவனும் இங்கே நாற்பது பக்கம் எழுதுவான். இவ்வளவையும் எழுதுமாறு அவனை எவரும் பணிக்கவில்லை.

இவ்வாட்டம் கடல் கடந்து வந்த கதை சுவையானது. ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன், ஜான் பீக் என்னும் பழைய நண்பர் மூவர் 1975-இல் லண்டனில் தாம் குடியிருந்த அடுக்ககத்திலேயே 'கேம்ஸ் வொர்க்‌ஷாப்' என்னும் சிறு தொழிலைத் தொடங்கினர். பீக் மரத்தில் ஆட்டப் பலகைகள் செய்தார். மற்ற இருவரும் 'அவுல் அண்டு வீசல்' என்னும் எளிய செய்தி மடலை வெளியிட்டனர். அம்மடலின் ஒரு படி லேக் ஜெனீவாவை எட்ட, அங்கிருந்து புதிய ஆட்டத்தின் ஒரு படி லண்டனுக்கு வந்தது. ஜாக்சனும் லிவிங்ஸ்டனும் அதில் மனம் பறிகொடுத்து, கையிலிருந்த பணத்தைக் கொண்டு ஆறு படிகள் வரவழைத்தனர். ஆறே படிகள் வாங்கிய அவர்களுக்கு ஐரோப்பா முழுமைக்குமான விற்பனை உரிமை மூன்றாண்டுக்குக் கிடைத்தது! பீக் இப்புதிய ஆட்டத்தில் நாட்டமின்றி விலகிக்கொண்டார். எஞ்சிய இருவரும் வீட்டு வாடகைக்கு வழியின்றிச் சில திங்கள் ஒரு வேனிலேயே உறங்கி எழுந்தனர்.

இந்நிலையில்தான் 1977-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், லிவிங்ஸ்டனை ஆசிரியராகக் கொண்டு 'ஒயிட் டுவார்ஃப்' பிறந்தது. முதல் ஏடு 4,000 படிகள் அச்சாயிற்று. தொடக்கத்தில் இருதிங்களுக்கு ஒருமுறை வந்தது, 1982-இல் திங்களிதழாயிற்று. பெயரைப் பற்றி ஒரு சொல். பழங்கதைகளில் வரும், சுரங்கம் தோண்டும் குள்ளனையும் அச்சொல் குறிக்கும். எரிந்தடங்கிச் சுருங்கிப்போன விண்மீனையும் குறிக்கும். மாயக்கதை, அறிவியற் புனைகதை ஆகிய இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்தியது. தமிழில் 'வெண்குள்ளன்' என்றால் வானம் மறைந்துவிடுகிறது; 'வெண்குறுமீன்' என்றால் குள்ளன் ஓடிவிடுகிறான். இரட்டுற மொழிதலை மொழிபெயர்ப்பது என்றுமே இடர்தான்.

பழைய ஏடுகளைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது அச்சின் எளிமை. நெருக்கமான சிற்றெழுத்துகள்; கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். 'ஓப்பன் பாக்ஸ்' என்னும் பகுதியில் புதிய ஆட்டங்கள் திறனாயப்பட்டுப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் பெற்றன. எந்த நிறுவனத்தின் ஆட்டமாயினும் அங்கே இடம் பெற்றது. 1983 முதல் டேவ் லாங்ஃபோர்டு 'கிரிட்டிக்கல் மாஸ்' என்னும் நூல் மதிப்புரைப் பகுதியை எழுதிவந்தார்; விளையாட்டு இதழில் நூல் மதிப்புரைக்கு நிலையான இடம் ஒதுக்கிய துணிவு பாராட்டுக்குரியது. டான் டர்ன்புல் என்பவர் முதல் ஏடுகளிலேயே, பூதங்கள் ஒவ்வொன்றும் எத்துணைத் தீங்கு தரவல்லது என்பதை எண்ணால் அளக்கும் சூத்திரம் ஒன்றை வகுத்தளித்தார். இல்லாத பூதத்துக்குப் பிழையற்ற கணக்கு! நகைப்பாகத் தோன்றினும், நிகழ்தகவுப் பாடத்தை இதைவிட ஆர்வத்துடன் சிறுவர் கற்றிருக்க வழியில்லை.

அந்த டர்ன்புல்லே பொறுப்பேற்று நடத்திய 'ஃபீண்டு ஃபேக்டரி' என்னும் பகுதிதான் இதழின் உயிர்நிலை எனல் வேண்டும். 'பூதப் பட்டறை' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். படிப்போர் தாமே கற்பனை செய்த பூதங்களை எழுதி அனுப்ப, தேர்ந்தவை படைத்தோர் பெயருடன் அச்சேறின. இதற்கு ஓர் அமைப்பு உண்டு. முதலில் வலிமை, விரைவு, கவசம் முதலியவற்றின் எண்கள்; அதன்பின் சில பத்திகளில் அவ்வுயிரின் தோற்றமும் வாழ்க்கையும். அளவு மீறி எழுத இடமில்லை. ஆட்டத்தில் பயன்படாத அழகு வருணனைக்கும் மதிப்பில்லை. ராஜர் மஸன் என்பவர் படைத்த 'நில்பாக்' ஒன்றையே காண்க. 'காப்ளின்' என்னும் குறும்பூதத்தின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கிப் பெற்ற பெயர் அது. பெயர் தலைகீழானதால் அதன் இயல்பும் தலைகீழாயிற்று: வாளால் வெட்டினால் அதற்கு உடல்நலம் கூடும், மருந்து கொடுத்தால் நலியும். எதிரியைக் கொல்ல அவனுக்குச் சிகிச்சை செய்ய வேண்டிய நிலை! ஒரு சொல் விளையாட்டிலிருந்து ஓர் உயிரையும், அவ்வுயிரிலிருந்து ஒரு சிக்கலையும் வரிசையாக வருவித்திருக்கும் திறம் எண்ணத்தக்கது.

வந்தவையெல்லாம் இத்தகையன அல்ல. கருத்தற்ற பூதங்களும், ஏற்கெனவே உள்ளதன் தலையை மாற்றியமைத்த பூதங்களும் மிகுதி. படங்கள் சிலவற்றில் பெண்களைக் காட்டியிருக்கும் முறையை இன்று மாணவர் முன் வைக்க எந்த ஆசிரியரும் தயங்குவார். எனினும், நூறு பேர் எழுதும் களத்தில் பதர் மிகும் என்பதை அறியாதவர் உண்டோ? பதரைக் கண்டு களத்தை மூடியிருந்தால் பின்வரும் செய்திக்கு இடமே இருந்திராது.

லீட்ஸ் நகரத்துச் சிறுவன் ஒருவன் அப்பட்டறைக்குத் தன் படைப்புகளை அனுப்பினான். அவன் பெயர் சார்லஸ் ஸ்ட்ராஸ், பிறந்தது 1964-இல். அவனுடைய 'கித்யாங்கி' என்னும் இனம் 1979-இல், இதழின் 12-ஆம் ஏட்டில் வெளியாயிற்று. அப்பொழுது அவனுக்கு வயது பதினான்கு. பெயரை அவன், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1977-இல் வெளியிட்ட புதினம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டான். ஏனையவற்றைத் தானே வளர்த்தான். பிறர் மனத்தை உண்ணும் கொடியோரிடம் நெடுங்காலம் அடிமையாய்க் கிடந்து, கித் என்னும் தலைவியின்கீழ்க் கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்ற மக்கள் அவர்கள். விடுதலைக்குப்பின் அவர்களும் கொடியோராயினர். இறந்தும் இறவாத அரசி ஒருத்தி அவர்களை ஆள்கிறாள். குடிமக்களுள் எவரேனும் அளவுக்கு மேல் ஆற்றல் பெற்றால், தன் அரியணைக்கு ஊறு நேருமென்று அஞ்சி அவர்தம் உயிரை உண்டுவிடுகிறாள். அடிமைத்தளை அறுத்தோர் எவ்வாறு அடக்குவோர் ஆகின்றனர் என்னும் வரலாற்றுப் பாடத்தை, பத்தாம் வகுப்பையும் எட்டாத பருவத்தினன் ஒரு பூதக் குறிப்பில் அடக்கிவிட்டான். 'பூதம்' என்ற சொல்லைக் கண்டதுமே சிறுபிள்ளை விளையாட்டெனத் தள்ளிவிடுவோர் இதனைச் சற்று நின்று படித்தல் நலம்.

பட்டறையில் தேர்ந்தவற்றைப் பிறவற்றோடு சேர்த்து 'ஃபீண்டு ஃபோலியோ' என்னும் நூலாக்கினர். இரு நிறுவனங்களுக்கிடையே எழுந்த இழுபறியால் காலந்தாழ்ந்து, 1981-இல்தான் அது வெளிவந்தது. அதன் அட்டையில் வாளேந்தி நிற்பது கித்யாங்கி வீரனே. அடுத்த ஆண்டில் ஜாக்சனும் லிவிங்ஸ்டனும் சேர்ந்து, 400 எண்ணிட்ட பகுதிகளைக் கொண்ட 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' என்னும் நூலைப் பஃபின் வாயிலாக வெளியிட்டனர். படிப்பவனே வழியைத் தேர்ந்து, அதற்குரிய எண்ணுக்குப் பக்கம் புரட்டிச் செல்லும் கதைநூல் அது. தனியே இருக்கும் சிறுவனும் இதனால் ஆட்டத்திற்குள் புகுந்தான்.

மாற்றம் வெளியிலிருந்து வரவில்லை. வளர்ச்சியோடு கூடவே வந்தது. நாட்டிங்காம் வட்டாரத்தில் சிறு உலோகப் பதுமைகள் வார்க்கும் சிட்டாடல் என்னும் துணை நிறுவனம் பெருகிற்று. பதுமைகளைப் படையாக நிறுத்தி ஆடும் 'வார்ஹாமர்' 1983-இல் வந்தது. பிறருடைய ஆட்டத்தை விற்பதைவிடத் தம் ஆட்டத்தை விற்பதில் வருவாய் மிகுதி என்பது வணிகர் எவர்க்கும் விளங்கும். 1986-இல் லிவிங்ஸ்டன் ஆசிரியப் பொறுப்பை விட்டார்; இதழும் லண்டனை விட்டு நாட்டிங்காமுக்குப் பெயர்ந்தது. அவ்வாண்டில் ஓர் ஏட்டின் உள்ளடக்கப் பக்கத்தில், தலைப்புகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகக் கூட்டிப் படித்தால், புதிய தலைமையாளரைக் கடுஞ்சொல்லால் விலகிப் போகச் சொல்லும் தொடர் ஒன்று கிடைக்கும். வெளியேறும் பணியாளர் விடைபெற்ற முறை அது. கரந்துறை பாட்டு எழுதிய நம் பழம்புலவர் கண்டிருந்தால் உத்தியை மெச்சிச் சொல்லை வெறுத்திருப்பர்.

1988-இல் நூறாம் ஏடு வெளிவந்த காலத்தில், பிற நிறுவனங்களின் ஆட்டங்களுக்கு இதழில் ஏறக்குறைய இடமே இல்லை. பூதப் பட்டறை மூடப்பட்டிருந்தது. பத்துக்கு நான்கு என்று மதிப்பெண் இடும் துணிவும் போயிற்று. தன் பண்டத்திற்குத் தானே நான்கு மதிப்பெண் இடுவார் எவர்? முன்னர்ப் படிப்போரை 'எழுதுக' என்ற இதழ், இப்பொழுது 'வாங்குக, வண்ணம் தீட்டுக' என்றது. விரலளவுப் பதுமைக்கு வண்ணம் தீட்டுதலும் ஒரு கலையே. அதில் தேர்ந்தோரின் கைத்திறன் வியப்பூட்டுவது. ஆயினும், பிறர் வார்த்த உருவத்துக்கு வண்ணம் பூசுவது வேறு. இல்லாத இனத்துக்கு வரலாறு வகுப்பது வேறு.

அவர்களைக் குற்றம் சாட்டி முடித்துவிடவும் இயலாது. அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய 'டிராகன்' என்னும் இதழ் படிப்போரின் ஆக்கங்களுக்கு இறுதிவரை இடமளித்துவந்தது. அதன் தாய் நிறுவனம் கடனில் மூழ்கி 1997-இல் கைமாறிற்று. 359 ஏடுகளுடன் 2007-இல் அச்சிதழும் நின்றது. கதவைச் சாத்திய இதழ் பிழைத்திருக்கிறது. திறந்து வைத்த இதழ் கடையில் இல்லை. இக்கணக்கை எவரும் எளிதில் நேர்செய்ய முடியாது.

லீட்ஸ் நகரத்துச் சிறுவன் மருந்தாளுநராகத் தேர்ச்சி பெற்று, பின் அறிவியற் புதின ஆசிரியராகி, 2005-இல் ஹியூகோ பரிசும் பெற்றார். 2023-இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் கணினி ஆட்டத்தில் லேசெல் என்னும் கித்யாங்கிப் பெண் வீராங்கனை முதன்மை மாந்தருள் ஒருத்தியாக வருகிறாள். அவளுடைய அரசி இன்னும் அதே அரியணையில் இருக்கிறாள். ஆற்றல் மிகுந்த குடிமக்களை இன்னும் உண்டுகொண்டே இருக்கிறாள்.