கொக்குமரத்துக்கு எதிராக நாங்கள் போட்ட கையெழுத்து

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கட்டாயம் வாசிக்க வேணும்.

பாடசாலைக்குப் பின்னால், குளக்கட்டோரம் நிற்கிற புளியமரத்தைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. கொக்குமரம் என்றுதான் பெயர். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்த்தால் மரம் முழுக்க வெள்ளையாகத் தெரியும். இப்போது அதில் பாதிதான் மிச்சம். மற்றப் பாதி போனதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

போன வருஷம் மாரி முடிகிற நேரம் எங்கள் தரம் 7 பிள்ளையொன்று கடும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதே கிழமை மரத்தடியில் இரண்டு காகங்கள் செத்துக் கிடந்தன. அடுத்த நாளே வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு. கொக்கு எச்சத்திலிருந்து மூளைக்காய்ச்சல் பரவுகிறது, மரத்தை வெட்டாவிட்டால் பிள்ளைகள் சாகும் என்று. யார் பேசினார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. பெற்றோர் பயந்துபோய் ஒரு கடிதம் எழுதினார்கள். ஆசிரியர் அறையில் வைத்து நாங்கள் 11 பேர் அதில் கையெழுத்துப் போட்டோம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களும் எங்களில் இருந்தோம். ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேணும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். அன்றைக்கு ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ரோட்டுப்பக்கக் கொப்புகளை வெட்டினார்கள். கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. பிள்ளைகள் அதுகளைப் பொறுக்கி ஒரு காட்போட் பெட்டியில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள். விடியும்போது ஒன்றும் மிச்சமில்லை. "சேர், இதுகளுக்கும் காய்ச்சலா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எங்களிடம் பதில் இருக்கவில்லை.

பிறகு ரிப்போர்ட் வந்தது. அந்தப் பிள்ளைக்கு வந்தது டெங்கு. பிள்ளை சுகமாகி வீடு வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தபோது குடம்பிகள் இருந்த இடம் ஆசிரியர் அறைக் கூரையின் பீலி. நாங்கள் கையெழுத்துப் போட்ட மேசைக்கு நேர் மேலே.

டெங்கு கொக்கிலிருந்து வருவதில்லை. நோயுள்ள மனிதனைக் கடித்த ஈடிஸ் நுளம்பு அடுத்த மனிதனைக் கடிக்கிறது, அவ்வளவுதான். அந்த வெட்கத்தில்தான் பறவை, நுளம்பு, நோய் என்று தேடி வாசிக்கத் தொடங்கினோம். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேணும். அந்தக் குரல்பதிவில் ஒரு துளி உண்மை இருந்தது. யப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற நோயின் வைரசு கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளின் இரத்தத்தில் பெருகும். 1980களில் நம் நாட்டிலும், வடமத்திய பக்கம், அந்த நோய் பெரிதாகப் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. ஆனால் எச்சத்தால் அது தொற்றாது. வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு கடித்தால்தான் தொற்றும். மனிதர்களுக்குப் பக்கத்தில் வைரசைப் பெரிய அளவில் பெருக்குவது பன்றிகள். மரத்தை வெட்டினால் கொக்கு அடுத்த மரத்துக்குப் போகும், நுளம்பு வயலிலேயே இருக்கும். நம் பிள்ளைகளைக் காப்பது ஒரு வயதில் கிளினிக்கில் போடும் தடுப்பூசி. காட் எடுத்துப் பாருங்கள், அது போட்டிருக்கிறதா என்று.

இரண்டாவது, பறவைகளுக்கும் மலேரியா வருகிறது. அது மனிதருக்குத் தொற்றாத வேறு வகை ஒட்டுண்ணி. ஆனால் மலேரியா நுளம்பால் பரவுகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் 1898இல் கல்கத்தாவில் முழுமையாகக் கண்டறிந்தது பறவைகளை வைத்துத்தான். நோயுள்ள பறவையைக் கடித்த நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை ஒட்டுண்ணி போவதைக் கண்டார். அதே நுளம்புகளை நல்ல பறவைகளைக் கடிக்கவிட்டார், அவையும் நோயாகின. 1934-35இல் நம் மூத்தவாப்பாமார் காலத்து மலேரியா பல்லாயிரம் பேரைக் கொன்றது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த நீண்ட வழியின் தொடக்கத்தில் சில சின்னக் குருவிகளும் இருக்கின்றன.

மூன்றாவதுதான் எங்களை அதிகம் உறுத்தியது. ஹவாய் தீவுகளில் ஒருகாலத்தில் நுளம்பே இல்லை. 1826 அளவில் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு அங்கே போய்ச் சேர்ந்தது. நம் கான்களில் பெருகுகிற, யானைக்கால் நோயைப் பரப்புகிற அதே கியூலெக்ஸ் இனம்தான். பின்னாளில் வெளியிலிருந்து கொண்டுபோன பறவைகளோடு மலேரியா ஒட்டுண்ணியும் போனது. அந்தத் தீவுப் பறவைகளுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. இஈவி என்ற சிவப்புக் குருவியைப் பரிசோதித்தார்கள். நோயுள்ள நுளம்பு ஒரே ஒரு முறை கடித்தாலே பத்தில் ஒன்பது செத்தன. நுளம்பு வாழ முடியாத குளிரான உயர்ந்த மலைக்காடுகளில் மட்டும் மிச்சம் இருந்தன. இப்போது பூமி சூடாகிறது, நுளம்பு மலையும் ஏறுகிறது. 2023இல் ஹவாயின் 8 பறவை இனங்களை அழிந்தவை என்று அமெரிக்க அரசு பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பீப்பாயைக் கொண்டுபோனது மனிதன். செத்தது குருவி.

செத்த காகத்தைப் பற்றியும் சொல்ல வேணும். 1999இல் நியூயோர்க்கில் காகங்கள் கொத்தாகச் செத்து விழுந்தன. அதே நேரம் மனிதருக்கும் மூளைக்காய்ச்சல். வைத்தியர்கள் முதலில் வேறொரு நோய் என்று நினைத்தார்கள். அங்கே மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்த திரேசி மெக்நமாரா என்ற பெண் நிபுணர், அந்த நோயென்றால் பறவைகள் இப்படிச் சாகாதே என்று விடாமல் நின்றார். கடைசியில் அது வெஸ்ட் நைல் வைரசு என்று தெரிந்தது. காகங்கள் நோயைக் கிளப்பிவிடவில்லை. நமக்கு முன்னால் கடிபட்டு, முன்னால் செத்து, ஆபத்தைக் காட்டிக்கொடுத்தன. நம் மரத்தடியில் செத்த இரண்டு காகங்களையும் நாங்கள் புதைத்துவிட்டு மரத்தைக் குற்றம் சொன்னோம். மிருக வைத்தியருக்கு ஒரு கோல் எடுத்திருக்க வேணும்.

இந்த வருஷம் கொக்குகள் மிச்சப் பாதிக்கு வந்திருக்கின்றன. கூடு கட்டுகின்றன. இந்தக் கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலில் திரும்பவும் வெட்டுகிற கதை வந்ததாம். எச்சம் நாறுகிறது, குளத்தடியில் குளிக்க முடியவில்லை என்பது நியாயமான குறை. அதைப் பேசித் தீர்க்கலாம். மரத்தடியில் கதிரை போடாமல் விடலாம், வெட்டத்தான் வேணும் என்ற கொப்பைக் குஞ்சுகள் பறந்த பிறகு பார்க்கலாம். ஆனால் நோய் என்று சொல்லி வெட்ட வேண்டாம். இந்த முறை நாங்கள் கையெழுத்துப் போடமாட்டோம். போன முறை போட்டதற்கு ஊரிடமும் அந்தப் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

வருகிற சனிக்கிழமை காலை 7.30க்கு பாடசாலையில் சிரமதானம். பீலி, பின்பக்கக் கான், பழைய டயர், சிரட்டை எல்லாம் துப்புரவாக்குகிறோம். பிறகு குளத்தடி வளவுகள். மண்வெட்டி இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு. வர முடியாதவர்கள் வீட்டுப் பீலியை ஒருமுறை ஏறிப் பாருங்கள், பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்துவிடுங்கள்.

அந்தக் குரல்பதிவு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வந்தால் முன்னுக்கு அனுப்பாதீர்கள். இந்தப் பதிவை அனுப்புங்கள். பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்.