ஆகாபுராவில் ஒரு வைஸ்

ஹைதராபாத் நாம்பள்ளி ரயில் நிலையத்திலிருந்து ஆகாபுரா பக்கம் நடந்தால், கட்டிலும் நாற்காலியும் கடையை விட்டுத் தெருவுக்கே இறங்கி நிற்கும். பட்டறைகள் பின்சந்துகளில். நான் போன பட்டறையில் அன்று புது தச்சு மேசைக்கு, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மாட்டும் வேலை. ராணிகஞ்சில் வாங்கிய ஒன்பது அங்குல வைஸ் கோணியோடு தரையில் கிடந்தது. வார்ப்பிரும்பு, தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மேஸ்திரிக்கு அறுபது தாண்டிவிட்டது. தெலுங்குக்காரர், என்னிடம் ஹைதராபாத் உருதுவில் பேசினார். தரையில் உட்கார்ந்து, மரத்தைப் பாதத்தால் மிதித்துப் பிடித்துக்கொண்டுதான் தொழில் பழகினாராம். நம்மூர்த் தச்சர்களும் அப்படித்தான் செய்துவந்தார்கள். அவருடைய இடது கால் பெருவிரலில் உளி பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

“யார் நின்று வேலை செய்யப் போகிறார் என்று முதலில் பாருங்கள் சார். மேசையை அப்புறம் பார்க்கலாம்” என்றார். மேசைக்கு உரிய பையனை நிற்கவைத்துக் கையைத் தொங்கவிடச் சொன்னார். பலகை அவன் மணிக்கட்டு உயரத்துக்கு வந்தது. வலது கைக்காரன்; ஆகவே வைஸ் முன்பக்கம், இடது ஓரத்தில். அவன் இழைப்புளியை வலமிருந்து இடமாகத் தள்ளுவான். மரத்தின் இடது நுனியைப் பிடித்துவைத்தால் நழுவாது. மேசைக்காலை ஒட்டியே குறி போட்டார். காலை விட்டு விலகினால் கொட்டாப்புளி அடிக்கு மேசை துள்ளும்.

அதற்குப் பிறகுதான் நுணுக்கம். உள்தாடையும் அதன்மேல் வரும் மரக்கட்டையும் சேர்ந்து மேசை விளிம்புக்குள் புதைய வேண்டும். உளியால் பள்ளம் எடுத்து, வைத்துப் பார்த்து, மறுபடி மயிரிழை அளவு சீவினார்கள். துளி துருத்தினாலும் கதவுச் சட்டம் போன்ற நீள மரம் விளிம்போடு ஒட்டாமல் ஆடும். பாரிஸ் தச்சர் ஆந்த்ரே ரூபோ 1769-இல் வெளியிடத் தொடங்கிய தச்சு நூலின் படத்திலும் மேசை விளிம்பும் முன்கால்களும் ஒரே தளத்தில்தான் நிற்கின்றன.

இரும்புத் தாடை மேசை மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே நிற்கும்படி அடியில் கட்டை கொடுத்தார்கள். மட்டத்துக்கு வந்தால் இழைப்புளியின் அலகில் பல் விழும். தாடைகளுக்கு உட்புறம் தேக்குக் கட்டைகள் ஏறின. மேசையோடு பிணைக்க மர ஸ்க்ரூ போட மேஸ்திரி சம்மதிக்கவில்லை. மேலிருந்து துளைத்து, போல்ட் தலையைப் பலகைக்குள் அமுக்கி, அடியில் வாஷரும் நட்டும் போட்டார். மழையில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். தளர்ந்த நட்டைத் திரும்ப முறுக்கலாம். ஸ்க்ரூ ஓட்டை பெரிதானால் பிடிப்பே போய்விடும்.

கடைசியில் ஒரு சோதனை. தாடைகளுக்கு நடுவே மேலே ஒரு காகிதம், கீழே ஒரு காகிதம் வைத்து மெதுவாக மூடினார். மேல் காகிதம் முதலில் சிக்கியது; கீழ்க் காகிதம் இழுத்ததும் வந்துவிட்டது. அவருக்குத் திருப்தி. திருகு கீழே இருப்பதால் இறுக்கும்போது வாய் மேலே சற்று விரியும். முன்கூட்டியே உள்சாய்வு இருந்தால், இறுகும்போது தாடையின் முழு முகமும் மரத்தில் படியும்.

கச்சிபவுலி, கொண்டாப்பூர் அடுக்குமாடிகளில் அலமாரி செய்யும் தச்சர்கள் பலருக்கு இந்த வசதி கிடையாது. ராஜஸ்தானிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள், வெறும் தரையில் பிளைவுட்டைப் போட்டு, காலால் மிதித்துக்கொண்டு கட்டர் மெஷின் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உளி சறுக்கினால் தழும்போடு போகும். கட்டர் சறுக்கினால் விரல் போகும். வேலை முடியும்வரை மேசையும் வைஸும் தரச்சொல்லி ஒப்பந்தக்காரரிடம் வீட்டுக்காரர்கள் கேட்கலாம். பல லட்சம் ரூபாய்க்குத் தச்சுவேலை நடக்கிற வீட்டில் அந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது.