கையெழுத்து என்னுடையதுதான், ஆனால்...

கருவாடு வாங்கும்போது நாலு துண்டை எடுத்து மோந்து பார்க்காமல் நான் காசு கொடுக்க மாட்டேன். கால் கிலோ கத்தரிக்காய்க்குக்கூட தராசைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் 41,600 ரூபாய்க்கு ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றால் நம்புவீர்களா? போட்டேன், சகோதரிகளே. வெட்கத்தை விட்டு அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோட்டைப்பட்டினம், புதுக்கோட்டை ஜில்லாவின் கடலோரம். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட், பாவாடை தைக்கிறேன். ஓட்டு வீடு மழைக்கு ஒழுகி, குழந்தைகளுக்கு மாறி மாறிச் சளி. வீடு கட்டுவது என்று முடிவு செய்து, 2022ல் ஒரு பாங்கில் 8 லட்சம் கடன் கேட்டோம். 15 வருடத் தவணை, 11 சதவீத வட்டி. மனை என் பெயரில் இருந்ததால் கடனிலும் என் பெயர் முதலில், அவர் பெயர் இரண்டாவது.

கையெழுத்து வாங்க ஒரு தம்பி வீட்டுக்கே வந்தார். கட்டுக் காகிதம். "இங்க போடுங்க, இங்க போடுங்க" என்று அவர் விரலை வைக்க வைக்க நான் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் ஒரு காகிதத்தைக் காட்டி, "இது இன்ஷூரன்ஸ் அக்கா. இதைப் போட்டாத்தான் லோன் பாஸ் ஆகும். நாளைக்கு அண்ணனுக்குக் கை கால் முடியாம வீட்ல இருந்தாக்கூட தவணையை அவங்களே கட்டிடுவாங்க" என்றார். என் மாமியாருக்கு ரொம்பத் திருப்தி. "நல்லதாப் போச்சு தம்பி" என்று இன்னொரு டம்ளர் டீ கொடுத்தார்.

2024 ஜனவரியில் அந்த 'நாளைக்கு' வந்தது. வலை இழுக்கும்போது வின்ச்சில் கயிறு சுற்றி, அவருடைய வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டன. மூன்று மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்றார் டாக்டர். அது முடிகிறபோது ஏப்ரல் 15. அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆக ஐந்து மாதம் வரும்படி இல்லை. மாதத் தவணையோ 9,566 ரூபாய்!

"இன்ஷூரன்ஸ் இருக்கே" என்ற தைரியத்தில் பாங்குக்குப் போனேன். அந்தத் தம்பி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இது இறந்தால் மட்டும் பணம் வருகிற பாலிசி. அதுவும் உங்க உயிர் மேல போட்டிருக்கு. அஞ்சு வருஷத்துக்குத்தான்."

எனக்குத் தலை சுற்றியது. கடலுக்குப் போகிறவர் அவர். காப்பு போட்டதோ வீட்டில் மிஷின் மிதிக்கிற எனக்கு! கடன் 15 வருடம், காப்பு 5 வருடம். இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரீமியம் 41,600 ரூபாயையும் கடனோடு சேர்த்து, 8,41,600 ரூபாய்க் கடனாக எழுதியிருந்தார்கள். அதனால் மாதம் 473 ரூபாய் அதிகம். 15 வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 85 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வரும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "விடு, நாமதானே கையெழுத்துப் போட்டோம்" என்றார் என் கணவர், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே. மாமியாருக்கு வேறு பயம். "பெரிய எடத்துல மோதாதே புள்ளே. வீட்டைப் புடுங்கிக்குவாங்க." எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பத்து நாள் பேசாமல் இருந்தேன். என் இரண்டு வளையலை அடகு வைத்துத் தவணை கட்டினேன்.

அடுத்த தெருவில் ரிட்டையரான டீச்சரக்கா ஒருவர் இருக்கிறார். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவரிடம் அழுதுவிட்டேன். "நீ சண்டை போடப் போகலே. கணக்குக் கேட்கப் போறே. புகார் எழுதினா வீட்டை எடுக்க முடியாது. ஆனா தவணையை மட்டும் நிறுத்திடாதே" என்றார். நான் கையெழுத்துப் போட்ட இன்ஷூரன்ஸ் படிவத்தின் நகலைப் பாங்கில் எழுதிக் கேட்டு வாங்கச் சொன்னார்.

நகல் வந்தது. எல்லாம் ஆங்கிலம். கீழே தமிழில் என் கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு கட்டம். வேறு மொழியில் கையெழுத்துப் போடுகிறவருக்குப் படிவத்தை அவர் மொழியில் விளக்கிச் சொன்னவர், "விளக்கிச் சொன்னேன்" என்று கையெழுத்துப் போட வேண்டிய இடம் அது. அந்தக் கட்டம் காலியாக இருந்தது! டீச்சரக்கா அதைப் பென்சிலால் சுழித்துக் காட்டினார்.

அன்று இரவு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினோம். எங்களிடம் என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தார்கள், நாங்கள் என்ன கேட்கிறோம் என்று மூன்று பத்தி. திட்டு ஒன்றுகூட இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒன்று, பாங்குக்கு ஒன்று, ரிஜிஸ்தர் தபாலில் போயிற்று. மூன்று வாரத்தில் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. "நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பாலிசி பிடிக்கவில்லை என்றால் 15 நாளுக்குள் திருப்பியிருக்க வேண்டும்." பாலிசிக் காகிதம் என் கைக்கே வரவில்லையே, எதைத் திருப்புவது?

என் கணவர், "அவ்வளவுதான்" என்றார். டீச்சரக்காவோ, "இந்தப் பதில்தான் நமக்கு வேணும்" என்றார். கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஒரு பைசா கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம். பொய் சொல்லி விற்றார்கள் என்ற புகாரையும் அங்கே எடுத்துக்கொள்கிறார்கள்.

மனுவோடு படிவ நகல், கடன் கணக்கு, கம்பெனியின் பதில் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். விசாரணைக்குச் சென்னை போக வேண்டுமோ என்று பயந்தேன். டீச்சரக்காவின் போனிலேயே வீடியோவில் நடந்தது. "படிவத்தை உங்களுக்கு யார் விளக்கிச் சொன்னது?" என்று கேட்டார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்ற என் மாமியார் முன்னே வந்து, "யாரும் சொல்லலைங்க. நான்தான் அந்தத் தம்பிக்கு ரெண்டு டம்ளர் டீ கொடுத்தேன். கை கால் முடியலேன்னாலும் கட்டிடுவாங்கன்னுதான் சொன்னாரு" என்றார். "மோதாதே" என்று சொன்ன அதே மாமியார்!

கம்பெனி பாலிசியை ரத்து செய்து பிரீமியத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. 41,600 ரூபாயும் கடன் கணக்கில் வரவாயிற்று. இடையில் நான் கட்டிய வட்டி வரவில்லை. அது என் கவனக்குறைவுக்குக் கட்டிய பள்ளிக்கூடச் சம்பளம் என்று வைத்துக்கொண்டேன்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. இங்கிலாந்தில் வீட்டுக் கடனோடும் மற்றக் கடன்களோடும் "வேலை போனாலும் உடம்பு முடியாவிட்டாலும் தவணை கட்டுவோம்" என்று இன்ஷூரன்ஸை லட்சக்கணக்கானவர்களின் தலையில் கட்டியிருந்தார்கள். அதில் பலருக்கு அந்தப் பாலிசியில் பணம் வரவே வழி இல்லை. பாங்குகள் கோர்ட்டுக்குப் போய் 2011ல் தோற்றன. புகார் கொடுக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29 என்று வைத்தார்கள். திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுனுக்கு மேல்! "நாமதானே கையெழுத்துப் போட்டோம்" என்று அங்கே எல்லோரும் சும்மா இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

இன்ஷூரன்ஸே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டில் அது அவசியம். இப்போது என் கணவர் பெயரில் பாங்குக் கணக்கு மூலமாக இரண்டு அரசுத் திட்டங்களில் சேர்ந்திருக்கிறோம். வருடம் 436 ரூபாயில் ஜீவன் ஜோதி, 20 ரூபாயில் விபத்துக்கான சுரக்ஷா. இறந்தால் எவ்வளவு, விபத்தில் ஊனமானால் எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டுதான் இந்த முறை கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக் கடன் வாங்கப் போகிற சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். எங்கள் பாலிசியை எடுத்தால்தான் கடன் என்று பாங்க் கட்டாயப்படுத்தக் கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் புதுக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று கொடுக்க வேண்டும். அதில் இன்ஷூரன்ஸ் தொகையும் தனியாகத் தெரிய வேண்டும். அதை உங்களுக்குப் புரிகிற மொழியில் கேளுங்கள். யார் உயிருக்கு, எதற்கெல்லாம், எத்தனை வருடத்துக்கு என்ற மூன்று கேள்விக்கும் பதிலைக் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். பாலிசி கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால், 2024 ஏப்ரலிலிருந்து 30 நாள் அவகாசம் இருக்கிறது. புகாருக்கு இன்ஷூரன்ஸ் ஆணையத்தின் போன் எண் 155255. பாங்கின் மேல் குறை என்றால் முதலில் பாங்குக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் பாங்க் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கான விசாரணை எண் 14448. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

என் கணவர் மறுபடி தொழிலுக்குப் போகிறார். அடகு வைத்த வளையலில் ஒன்றை மீட்டுவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது காகிதத்தை நீட்டி "இங்க போடுங்க" என்றால், என் மாமியார்தான் முதலில் கேட்கிறார்: "முதல்ல அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு தம்பி. அப்புறம் டீ தர்றேன்."