கையெழுத்துக்கு முன்னால் பின்பக்கத்தைப் பாருங்கள்

"நாளெ பன்னி."

கன்னடத்தில் 'நாளைக்கு வாங்க' என்று அர்த்தம். நான்கு மாதங்களில் இந்த இரண்டு வார்த்தைகளை என் கணவர் எத்தனை முறை கேட்டிருப்பார் என்று கணக்கே இல்லை. தொண்ணூறுகளில் பெங்களூரு பக்கம் வீட்டு வாசல்களில் 'நாளெ பா' என்று எழுதி வைப்பார்களாம். ராத்திரி கதவைத் தட்ட வரும் பேய் அதைப் படித்துவிட்டு, சரி நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போய்விடுமாம். "இப்ப நாமதான் அந்தப் பேய்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால், தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருக்கும்.

எங்களுக்கு ஓசூரில் ஒரு சின்னப் பட்டறை. பெரிய கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடம் டர்னராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு இரண்டு லேத் மிஷினோடு ஆரம்பித்தார். மூன்று பேர் வேலை செய்கிறார்கள். பில், ஜி.எஸ்.டி., சம்பளக் கணக்கெல்லாம் என் பொறுப்பு.

அத்திப்பள்ளியைத் தாண்டி, கர்நாடகப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து முதல் பெரிய ஆர்டர் வந்த அன்று, பர்ச்சேஸ் ஆர்டரை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். முன்பக்கத்தில் இருந்த அளவு, விலை, தேதி எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்தோம். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஆங்கிலம் இருந்தது. 'எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே அடிச்சிருப்பாங்க' என்று படிக்காமலேயே சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம்.

அந்த ஆர்டரை நம்பித்தான் வங்கிக் கடனில் சி.என்.சி. மிஷின் வாங்கினோம். சரக்கையும் சொன்ன தேதியில் கொடுத்தோம். வரவேண்டிய பணம் 4,12,000 ரூபாய். அவர்கள் போட்டிருந்த கெடு 90 நாள். அது முடிந்து மேலும் நான்கு மாதங்கள் ஓடிவிட்டன. கடைசியில் ஒரு நாள் போனில், "உங்க பீஸ் கொஞ்சம் ரிஜெக்ட் ஆயிருக்கு" என்று புதுக் கதை ஆரம்பித்தது. இங்கே வங்கித் தவணை நின்றுபோயிருந்தது.

ஓசூர் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீல் அம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் ஆர்டரை வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார்.

"இதைப் படிச்சீங்களா?"

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

பதினோராவது வரியில் பேனாவை வைத்தார். எந்தத் தகராறு வந்தாலும் பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டுமே விசாரிக்கும் அதிகாரம் என்று இருந்தது. "கிலோமீட்டர் கணக்கு பார்த்தா, ஓசூர்லேருந்து கிருஷ்ணகிரியைவிட பெங்களூரு கிட்டதான். ஆனா அது வேற மாநிலம். வேற வக்கீல் வைக்கணும். வாய்தாவுக்கு வாய்தா பட்டறையைப் பூட்டிட்டுப் போகணும். இந்த 'ஒன்லி'ங்கிற ஒரு வார்த்தைக்கு அவ்வளவு விலை."

அப்போது அவர் சேலத்தில் ஆரம்பித்த ஒரு வழக்கைச் சொன்னார். 1974-ல் சேலத்து வியாபார நிறுவனம் ஒன்று, குஜராத் கம்பெனியிடம் 5,000 பாபின் ஜரிகை நூலுக்கு ஆர்டர் கொடுத்தது. தகராறு வந்து சேலம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தத்திலோ, தகராறுகள் குஜராத்தின் கேடா நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று இருந்தது. ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கு என்று பெயர். உச்ச நீதிமன்றம் வரை போய் 1989-ல் தீர்ப்பு வந்தது. கேடா என்று எழுதியிருக்கிறதே தவிர 'மட்டுமே' என்று இல்லை. அதனால் சேலம் கோர்ட்டும் விசாரிக்கலாம் என்றார்கள். ஒரே ஒரு சொல் இல்லாததால் சேலத்துக்காரர்கள் பிழைத்தார்கள்.

"ஆனா அதையும் இப்ப நம்ப முடியாது" என்றார். 2013-ல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், 'மட்டுமே' என்ற சொல் இல்லாவிட்டாலும் ஓர் ஊரின் பெயரைக் குறிப்பிட்டதே மற்ற ஊர்களை விலக்கத்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். எங்கள் தாளிலோ ஊர் பெயரும் இருந்தது, 'மட்டுமே'யும் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் பணம் மட்டும் இல்லை. மிஷின் கடன் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். "நான் சும்மா சாட்சிதானே அம்மா?" என்று கேட்டபடி அந்த நகலை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சாட்சி இல்லம்மா, ஜாமீன்" என்றார்.

சாட்சி என்றால், இன்னார் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று சொல்வதோடு சரி. கடனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஜாமீன்தாரர் அப்படி இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. 'முதல்ல அவர்கிட்ட கேளுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க' என்று வங்கியிடம் சொல்ல முடியாது. அதே பத்திரத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று ஒரு வரி இருந்தது. நான் அதை 'ஆளுக்குப் பாதி' என்று நினைத்திருந்தேன். அதற்கு அர்த்தம், முழுக் கடனையும் யார் ஒருவரிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம் என்பது. என் அம்மா வீட்டில் எனக்குக் கொடுத்த இரண்டு சென்ட் இடம் கண் முன்னால் வந்து நின்றது.

வக்கீல் அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார். "உத்யம் பதிவு பண்ணியிருக்கீங்களா? எப்ப?"

பண்ணியிருந்தோம், இந்த ஆர்டர் வருவதற்கு முன்பே. ஜி.எஸ்.டி. பார்க்கும் தம்பி சொன்னாரே என்று செய்தது. அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ல் வந்தது. எங்களைப் போன்ற குறுந்தொழில் செய்பவர்களுக்குப் பணம் கொடுக்காமல் இழுத்தடித்தால், அதை விசாரிக்க மாநிலத்தில் ஒரு கவுன்சில் உண்டு. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், சரக்குக் கொடுத்தவர் இருக்கும் இடத்து கவுன்சிலே விசாரிக்கலாம். அந்தப் பிரிவு ஆங்கிலத்தில் 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. 'வேறு எதில் என்ன சொல்லியிருந்தாலும்' என்று பொருள். "சட்டத்துல இந்த வார்த்தையைப் பார்த்தா அங்கே நில்லுங்க. மத்ததை எல்லாம் ஓரங்கட்டிட்டு வர்ற வார்த்தை இது" என்றார். இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தைவிட இந்தச் சட்டமே மேல் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. எங்கள் தாளில் இருந்த 'மட்டுமே' அங்கே தோற்றுப்போனது.

90 நாள் கெடுவும் அப்படித்தான். இந்தச் சட்டப்படி, எழுதி ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி.

"அப்ப அந்த ரிஜெக்ட்?" என்று கேட்டார் என் கணவர்.

அதற்கும் ஒரு சொல் இருந்தது. 'டீம்டு'. அதாவது 'அவ்வாறே கருதப்படும்'. உண்மையில் நடந்ததோ இல்லையோ, நடந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் குறையை எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். எங்களுக்கு ஒரு மின்னஞ்சல்கூட வந்திருக்கவில்லை. கேட்டின் சீல் போட்ட டெலிவரி சலான்களை நான் தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்தேன்.

மத்திய அரசின் 'சமாதான்' இணையதளத்தில் விண்ணப்பித்தோம். கவுன்சிலின் நோட்டீஸ் போனதும், அதுவரை போனை எடுக்காதவர்கள் அவர்களாகவே கூப்பிட்டார்கள். ஆனாலும் பணம் உடனே வந்துவிடவில்லை. பேச்சுவார்த்தை, தள்ளிவைப்பு என்று மாதங்கள் போயின. முடிவில் அசல் முழுவதும் கைக்கு வந்தது. வட்டியில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தோம். தவணை பாக்கியைக் கட்டிய அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு எந்தத் தாள் வந்தாலும், வாடகை ஒப்பந்தமோ, நகைக் கடன் படிவமோ, முதலில் பின்பக்கத்தைப் பார்க்கிறேன். கையில் ஒரு பென்சில். 'மட்டுமே', 'கருதப்படும்', 'எது எப்படி இருப்பினும்', 'தனித்தனியாகவும்' போன்ற சொற்கள் வந்தால் அடிக்கோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: எல்லாம் கெட்டுப்போனால் இந்த வரி யாரிடம் பணம் கேட்கும்? புரியவில்லை என்றால் கேட்கிறேன். நன்றாகப் போகும்வரை இந்த வரிகள் யாருக்கும் தேவைப்படாது. உறவு கசந்த அன்றைக்கு என்றுதான் அவற்றை எழுதி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் இன்னொரு கம்பெனியின் ஆர்டர் வந்தது. கெடுவை 45 நாளாக்கச் சொல்லி எழுதினேன். "இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை மேடம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. ஆனால் மாற்றிக் கொடுத்தார்கள். கோர்ட் ஊரை மாற்ற மட்டும் சம்மதிக்கவில்லை. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டோம்.

நம் ஊர்ப் பத்திரங்களில் கடைசியாக ஒரு வரி இருக்கும். 'படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, மனப்பூர்வமாகச் சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.' படிக்காமலேயே அந்த வரிக்குக் கீழே எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த முறைதான் அது உண்மையாக இருந்தது.