நாற்றம் இருக்கும் இடம்

சுங்கை பட்டாணியை விட்டு வடக்கே அலோர் ஸ்டாரை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், பீடோங் கடந்த சற்று நேரத்துக்கெல்லாம் ஜெராய் மலை இடப்புறம் எழுந்து வழிநெடுகக் கூடவே வருகிறது. சுமார் 1,200 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் தென்புறத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது; சோழர் மெய்க்கீர்த்தியில் கடாரம் என்ற பெயரைப் படித்தவர்கள் அங்கே எஞ்சி நிற்கும் பழங்கோயில் அடித்தளங்களைக் காணத் தேடி வருவதுண்டு. கீழ்ப்புற அடிவாரத்திலுள்ள குருணுக்கு அத்தகைய யாத்திரிகர்கள் அதிகம் வருவதில்லை. நான் வந்ததும் சரித்திரத்தை நாடி அன்று. மோட்டார் வண்டிகளின் வினைல் ஆசனங்களில் குடியேறிவிட்ட துர்நாற்றத்தை வெளியேற்றுவதில் கைதேர்ந்தவர் ஒருவர் அங்கே இருப்பதாகக் கேள்வியுற்று, அந்தத் தொழிலை நேரில் பார்க்கவேண்டும் என்ற ஆவலினால்தான். இதைச் சொன்னபோது, நான் தங்கியிருந்த நண்பர் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து ஓய்ந்த பிறகு, அவ்வீட்டு அம்மாள் என்னைத் தனியே அழைத்து, தங்கள் வண்டியின் பின் ஆசனத்துக்கும் ஏதாவது உபாயம் உண்டா என்று விசாரித்து வரச் சொன்னதையும் குறிப்பிடத்தான் வேண்டும்.

குருணில் மோட்டார்த் தொழிலுக்குப் பஞ்சமில்லை. மொடேனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 1990-களிலிருந்து இங்கே நடக்கிறது. கார்களைப் பூட்டும் ஆலையும் உண்டு. அவை புதுவண்டிகளின் உலகம். நான் போய்ச் சேர்ந்த இடமோ, கடைவரிசைக்குப் பின்னால் தகரக் கூரை வேய்ந்த ஒரு கொட்டகை; ஜனங்கள் அதைக் குஷன் கடை என்கிறார்கள். கிழிந்த உறையை மாற்றுவதும், அமிழ்ந்துபோன பஞ்சுக்கு மாற்றுப் பஞ்சு வைப்பதுமே அங்கே பிரதானமான வேலை. உரிமையாளர் ஐம்பதைத் தாண்டியவர். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தையல் இயந்திரத்தின் முன்னால் அவருடைய தமக்கை அமர்ந்திருந்தார். எடுபிடிக்கு ஓர் இளைஞன். நாற்றம் போக்கும் வேலையைப் பற்றிப் பெயர்ப்பலகையில் ஒரு சொல்லும் இல்லை. உறை மாற்ற வந்தவர்கள் போகிற போக்கில் கேட்கப்போய், இவர்கள் செய்து கொடுக்கப்போய், கேள்விப்பட்டவர்கள் அதற்கென்றே வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

நான் சென்ற வேளையில் முற்றத்து வெயிலில் ஒரு பழைய புரோட்டோன் சாகா, கண்ணாடிகளெல்லாம் ஏற்றப்பட்டு நின்றுகொண்டிருந்தது. 1985-இல் முதன்முதல் வெளிவந்து, மலேசியாவின் சொந்தக் கார் என்று கொண்டாடப்பட்ட அந்த வகையைச் சேர்ந்தது. பின் ஆசனத்தில் பழுப்பேறிய வினைல். வண்டிக்காரரான முதியவர் நிழலில் பலகைமேல் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வண்டியைத் தொடவில்லை. வேலை எப்போது ஆரம்பமாகும் என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சாச்சு சார். வெயிலு வேலை செய்யுது" என்றார் உரிமையாளர்.

அவர் சொன்னதன் தாத்பரியம் நடுப்பகலில் விளங்கிற்று. மூடிய வண்டிக்குள் வெப்பம் ஏற ஏற, பஞ்சிலும் துணியிலும் தையல் துளைகளிலும் பதுங்கிக் கிடக்கும் பொருள்கள் ஆவியாகி வெளிக்கிளம்புகின்றன. காலைக் குளிர்ச்சியில் மூக்குக்கு எட்டாத ஒன்று நடுப்பகலில் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. முன்கண்ணாடியருகே தொங்கிய வாசனைப் புட்டியையும், பின்கண்ணாடிக்குக் கீழே காய்ந்து கிடந்த பாண்டான் இலைக்கட்டையும் அவர் முதலிலேயே அப்புறப்படுத்தியிருந்தார். பிறகு ஒரு கதவை மட்டும் திறந்து, தலையை உள்ளே நீட்டி, ஆசனத்தின் மேற்பரப்பு, முதுகுப்பகுதி, இரண்டும் சந்திக்கும் இடுக்கு, தரைக் கார்ப்பெட் என்று ஒவ்வொன்றின் அருகிலும் நாசியைக் கொண்டுபோய், இடையிடையே வெளியே வந்து நல்ல காற்றை இழுத்துவிட்டு, மறுபடியும் குனிந்தார். இந்தப் பரிசோதனை முடிகிறவரையில் அவர் காப்பிகூடக் குடிப்பதில்லையாம். முகத்தில் அருவருப்பின் சாயை சிறிதும் இல்லை. அதுவே இந்தத் தொழிலின் முதல் தகுதி என்று எனக்குத் தோன்றியது. முகம் சுளிப்பவனால் நெருங்கி மோந்து பார்க்க முடியாது, நெருங்கி மோவாதவனுக்கு இடம் தெரியாது.

"கட்டிப்பாலு. சாக்குல கட்டிப் பின்னால வச்சிருக்கீங்க. தண்ணி இறங்கி சீட்டுக்கு அடியில போயிருக்கு. சரிதானே தாத்தா?"

முதியவர் ஒப்புக்கொண்டார். இளமை முழுவதும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது தமக்கென்று வாய்த்த சொற்ப நிலத்தில் சில பால்மரங்கள் வைத்திருக்கிறார். விடியலில் வெட்டிப் பாலை வாளியில் சேகரித்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய காலம் மலையேறிவிட்டது. பால் வடியும் மங்கிலேயே உறையவிட்டு, கட்டியானதைச் சாக்கில் அள்ளி வியாபாரியிடம் சேர்ப்பதே இன்று சிறுநிலக்காரர் பெரும்பாலோரின் வழக்கம்.

"எல்லா மருந்தும் அடிச்சுப் பார்த்துட்டேன் தம்பி. ரெண்டு நாளு நல்லாருக்கு. அப்புறம் திரும்பி வந்துருது" என்றார் முதியவர்.

"போனாத்தானே தாத்தா திரும்பி வர்றதுக்கு?"

இந்த இடத்தில் அந்த நாற்றத்தின் ஜாதகத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். மரத்துப் பாலில் ரப்பரோடு புரதமும் சர்க்கரைப் பொருளும் சிறிதளவு கலந்திருக்கின்றன. அம்மோனியா சேர்த்தால் பால் கெடாமல் இருக்கும்; சேர்க்காமல் மங்கிலேயே விட்டுவிட்டால், நுண்ணுயிர்கள் அச்சத்துக்களைத் தின்று பலவகை அமிலங்களை உண்டாக்கும். பால் உறைந்து கட்டியாவதற்கு அவை காரணம். அவற்றுள் பியூட்டிரிக் அமிலம், வலேரிக் அமிலம் என்று ரசாயனிகள் பெயர் சூட்டியிருக்கும் சில, எளிதில் ஆவியாகி மூக்கைத் துளைக்கின்றன. குருணின் பெரிய உர ஆலையில் யூரியாவோடு அம்மோனியாவும் உற்பத்தியாகிறது. அதே அம்மோனியா ஒரு கரண்டி அந்த மங்குகளில் விழுந்திருந்தால் இந்த ஆசனம் தப்பியிருக்கும், ஆனால் பால் கட்டியாகியிராது, முதியவருக்குக் காசும் கிடைத்திராது.

அமிலத்தால் வந்த நாற்றத்துக்குக் காரம் மருந்து. காரத்தால் வந்ததற்குப் புளிப்பு மருந்து. பட்டறையின் சாஸ்திரம் முழுவதும் இவ்வளவுதான் என்று சொன்னால் அதிகமாகாது. இதை எனக்கு விளக்கியவர் உரிமையாளர் அல்லர்; தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தமக்கையார்தாம் சொன்னார். மீன் கழுவிய கைக்கு எதைத் தேய்ப்போம் என்று என்னையே கேட்டு, எலுமிச்சை என்று பதில் வந்ததும், பசாரிலிருந்து மீன் கொண்டுவந்த வண்டிக்கும் அதே வைத்தியம்தான் என்றார். மீன்வாடையில் மேலோங்கி நிற்கும் பொருள் காரத்தன்மை உடையது. வினிகரோ எலுமிச்சையோ பட்டதும் அது ஆவியாகாத உப்பாக மாறி அடங்கிவிடுகிறது. கட்டிப்பால் நாற்றமும் கெட்டுப்போன குழந்தைப்பால் நாற்றமும் இதற்கு நேர்விரோதமான வர்க்கம். அவற்றுக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். வர்க்கம் தெரியாமல் கட்டிப்பால் கறையில் வினிகரை ஊற்றுகிறவர்களும் உண்டு. அவர்கள் நாற்றத்துக்கு உரம் போட்டவர்களாகிறார்கள். சோடாவால் ஏற்கெனவே அடங்கிக் கிடந்ததைக்கூட அந்தப் புளிப்பு மறுபடியும் ஆவியாக்கி எழுப்பிவிடும்.

டுரியான் பழம் இந்த இரண்டு வர்க்கத்திலும் அடங்காது. அதன் வாடை கந்தகச் சேர்மங்களால் ஆனது. கதவைத் திறந்துபோட்டுக் காற்றையும் காலத்தையும் நம்புவதைத் தவிர, கரித்துண்டுகளைத் தட்டில் பரப்பி வைக்கலாம், அவ்வளவுதான். நண்பர் வீட்டு அம்மாளுக்கு நான் கொண்டுபோக வேண்டியிருந்த செய்தியும் அதுவே. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளை இவர்கள் ஏற்பதே இல்லை. சேற்றுநீர் புகுந்த பஞ்சைச் சுத்தி செய்வதாகச் சொல்லிக் காசு வாங்குவது மோசடி என்பது உரிமையாளரின் அபிப்பிராயம். அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடத்தான் வேண்டும்.

மூக்கு தன் வேலையை முடித்ததும் கை தொடங்கியது. பின் ஆசனத்தை இருவரும் சேர்ந்து தூக்கி வெளியே கொணர்ந்து கவிழ்த்தார்கள். உறையைச் சட்டத்தோடு பிணைத்திருந்த சிறு கம்பி வளையங்களை இளைஞன் குறட்டால் ஒவ்வொன்றாக விரித்துக் கழற்ற, உரிமையாளர் உறையை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தெடுத்தார். மேலே பார்த்தால் துடைத்து வைத்த பளபளப்பு. மறுபக்கமோ கருத்த வளையங்களாகக் கறை. வினைல் என்பது துணியின்மேல் பூசப்பட்ட ஒரு படலமே. அந்தப் படலத்தில் நீர் இறங்காது என்பது வாஸ்தவம். ஆனால் தையல்காரியின் ஊசி போட்ட துளை ஒவ்வொன்றும் நீருக்கு ஒரு வாசல். உள்ளே போனது அடித்துணியிலும் பஞ்சிலும் ஊறித் தங்குகிறது. நீர் இறங்காது என்று நாம் மெச்சிக்கொள்ளும் அதே படலம், இறங்கியதை உலரவும் விடாமல் தடுத்து நிற்கிறது. முதியவர் அடித்த மருந்துகளெல்லாம் மேற்பரப்போடு நின்றுவிட்டதன் ரகசியம் இதுதான்.

இந்தப் பொருளின் பூர்வோத்தரம் விசித்திரமானது. 1926-இல் அமெரிக்காவில், டயர்களுக்குப் பேர்போன குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் என்பவர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். கடினமாயும் உபயோகமற்றதாயும் கிடந்த பாலிவினைல் குளோரைடை அவர் ஒரு திரவத்தில் இட்டுக் காய்ச்ச, பசைக்குப் பதிலாக, வளைந்து நிமிரும் மிருதுவான ஒரு பொருள் கிடைத்தது. ரப்பருக்கு ஊழியம் செய்யப் புறப்பட்ட ஆராய்ச்சியில் ரப்பருக்கே ஒரு போட்டியாளன் பிறந்துவிட்டான். 1929-இல் டன்லப் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் மரத்துப் பாலை நுரைக்க அடித்து மெத்தைப் பஞ்சு செய்யக் கண்டுபிடித்தார்கள். பிற்காலத்தில் அதன் இடத்தையும் ரசாயனப் பஞ்சு பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இந்தச் சாகாவின் ஆசனத்தில் பால்மரத்தின் அம்சம் ஏதும் இல்லை, அது சிந்திய நாற்றத்தைத் தவிர.

உறையின் மறுபக்கத்துக்கு மிதமான சவுக்காரமும் வெதுவெதுப்பான தண்ணீரும். பிறகு சோடாக் கரைசல். பிறகு சுத்த ஜலத்தில் மீண்டும் மீண்டும் அலசல். பஞ்சையும் அவ்வாறே ஊறவைத்துக் கையால் அழுத்தி அழுத்தி நீரை வெளியேற்றினார்கள். முறுக்கிப் பிழிந்தால் உள்ளுக்குள்ளே பிய்ந்துவிடுமாம். சோடாவை மிச்சமின்றிக் கழுவி எடுப்பதில் உரிமையாளருக்கு அபாரமான சிரத்தை. தின்னரையும் பெட்ரோலையும் குளோரின் கலந்த வெளுப்புநீரையும் அவர் பட்டறைக்குள் இந்த வேலைக்காக எடுப்பதே இல்லை. வினைலுக்கு மிருதுத்தன்மை தரும் எண்ணெய்ப் பொருளை அவை கெடுத்து, ஆசனத்தை விறைத்து வெடிக்கச் செய்துவிடும். உலர்த்துவதும் நேர்வெயிலில் அன்று, காற்றோடும் நிழலில். குருணின் ஈரக்காற்றில் அது நாள் பிடிக்கும் காரியம். அரைகுறையாய் உலர்ந்த பஞ்சை உறைக்குள் திணித்தால் பழைய நாற்றம் போய்ப் பூஞ்சணத்தின் நாற்றம் வந்து சேரும். அவசரப்படுகிற வாடிக்கையாளர்களோடு அவர் சண்டையிடுவது இந்த ஒரு விஷயத்தில்தானாம்.

அலசல் நடந்துகொண்டிருக்கையில் முதியவரிடம், இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. இதுலயே பொறந்து வளர்ந்தவன். பேத்திதான் காலேஜுல படிக்கிறா, பஸ்ஸ்டாண்டுல போயி ஏத்துனா மூக்கப் பொத்திக்கிட்டு வருது புள்ள."

அவர் குரலில் குறை இல்லை. ஒருவிதப் பெருமைகூட இருந்தது. எனக்குத்தான் மனம் சற்றுச் சங்கடப்பட்டது. அந்தப் பெண்ணின் படிப்புச் செலவில் எத்தனை பங்கு அந்தச் சாக்குகளில் ஏறி வந்ததோ! அவள் மூக்கைப் பொத்திக்கொள்வதைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. தோட்டத்து வாழ்வை விட்டு வெளியேறியே ஆகவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் போதித்தவர்கள் பெரியவர்கள்தாமே. மூக்கு மட்டும் பின்தங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

உரிமையாளர் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சாகாவின் பின்பெட்டியைத் திறந்து, நூல்பிடித்து நீள அகலங்களை அளந்தார். கொட்டகையின் மூலையில் சாத்தியிருந்த தகரத் தகடு ஒன்றை இளைஞன் எடுத்துவந்தான். இனிமேல் கட்டிப்பால் ஏற்றாதீர்கள் என்று சொல்வது அசட்டுத்தனம். ஆதலால் அத்தகைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஓரம் மடித்த ஒரு தட்டு செய்து கொடுப்பது அவர் வழக்கம். சாக்கு அதில் இருந்தால், ஒழுகுகிற தண்ணீர் தட்டோடு நிற்கும். வீட்டுக்குப் போய்க் கொட்டிக் கழுவிக்கொள்ளலாம். மரக்கட்டைமேல் வைத்து அவர் ஓரத்தைச் சுத்தியால் மடக்கத் தொடங்கியதும் முதியவர் எழுந்து அருகே வந்தார்.

"இன்னும் ரெண்டு விரக்கடை ஒசத்து தம்பி. ஜெனியாங் ரோட்டு வளைவுல சிந்திரும்."

"ஒசத்துனா சாக்கு உள்ள போகாது தாத்தா."

"சின்ன சாக்காக் கட்டிக்கிறேன்."

உரிமையாளர் தகட்டை நிமிர்த்தி, கோட்டை அழித்துவிட்டு, மறுபடியும் அளந்தார்.