எங்கட நிரலுக்குள்ள இருக்கிற மற்ற ஆக்களின்ர நிரல்

2017 மார்ச் 7. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் எண்ட ஜாவா லைப்ரரியில ஒரு பெரிய ஓட்டை இருக்கெண்டு வெளியில சொல்லுகினம். அதை அடைக்கிற திருத்தத்தையும் அண்டைக்கே வெளியிடுகினம். அமெரிக்கர்களின்ர கடன் விபரங்களைச் சேர்த்து வைக்கிற ஈக்விஃபக்ஸ் நிறுவனத்துக்கும் எச்சரிக்கை போகுது. அவையள் ஒருக்கா ஸ்கான் பண்ணியும் பார்த்தவை. அந்த ஸ்கானில ஒண்டும் பிடிபடேல்லை. மே மாத நடுவில ஆக்கள் அதே ஓட்டையால உள்ள வந்து, யூலை கடைசி வரை இருந்து, ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின்ர விபரங்களைக் கொண்டு போட்டினம்.

அந்தப் பூட்டு பிழை எண்டு ரெண்டு மாதத்துக்கு முதலே ஊருக்கே தெரியும். புதுப் பூட்டும் இலவசம். மாத்தத்தான் ஆளில்லை.

லைப்ரரி எண்டால் இங்க புத்தகம் இருக்கிற இடம் இல்லை. வேற யாரோ எழுதி, எல்லாரும் எடுத்துப் பாவிக்கலாம் எண்டு போட்டு வைச்சிருக்கிற நிரல். நாங்கள் மூண்டு பேர் சேர்ந்து ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒரு சின்னச் செயலி செய்யிறம். புத்தகத்தை ஆர் எடுத்தது, எப்ப திருப்பித் தர வேணும், சந்தா கட்டியாச்சா, இவ்வளவுதான் அதின்ர வேலை. அதுக்கு நாங்கள் கேட்டு எடுத்த லைப்ரரிகள் பதினாலு. இறக்கி முடிச்சுப் பார்த்தால் அறுநூறுக்கு மேல கிடக்குது. கலியாணத்துக்கு ஒரு வீட்டுக்குச் சொல்ல, அவையள் தங்கட சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி.

இதில வெட்கப்பட ஒண்டும் இல்லை. கடவுச்சொல்லை மறைச்சு வைக்கிற நிரலை நாங்களே எழுத வெளிக்கிட்டால் இதைவிட மோசமாத்தான் வரும். ஆனால் வந்திருக்கிறது ஆர் எண்டு தெரிஞ்சிருக்க வேணும். 2021 டிசம்பரில லொக்4ஜே பிரச்சினை வந்தபோது உலகம் முழுக்கத் திண்டாடினது இதாலதான். அது நிகழ்வுகளைப் பதிஞ்சு வைக்கிற ஒரு சாதாரண ஜாவா லைப்ரரி. மைன்கிராஃப்ட் விளையாட்டின்ர அரட்டைப் பெட்டியில ஒரு வரி எழுதினாலே மற்றவரின்ர கணினியில நிரல் ஓட்டக்கூடிய ஓட்டை. அபாயப் புள்ளி பத்துக்குப் பத்து. "எங்களிட்ட லொக்4ஜே இருக்கா?" எண்ட கேள்விக்கே கன நிறுவனங்களுக்கு உடன மறுமொழி சொல்லத் தெரியேல்லை. அவையள் அதைக் கேட்டு எடுக்கேல்லை, வேற ஏதோ ஒண்டோட ஒட்டிக்கொண்டு வந்தது.

பார்க்கிறது கஷ்டமான வேலை இல்லை. 'என்பிஎம் ஓடிட்' எண்டு ஒரு கட்டளை. உங்கட லைப்ரரிகளின்ர பேரையும் பதிப்பு இலக்கத்தையும் தெரிஞ்ச ஓட்டைகளின்ர பட்டியலோட ஒப்பிட்டுப் பார்க்கும். பைதன்காரருக்கு 'பிப்-ஓடிட்' இருக்கு. கிட்ஹப்பில டிபென்டபொட்டைப் போட்டு வைச்சால் அதுவே வந்து சொல்லும்.

மறுமொழி வந்த பிறகுதான் உண்மையான வேலை. சிவப்பு எழுத்தைக் கண்டு பதற வேண்டாம். நாங்கள் மூண்டு கேள்வி கேட்பம். இது எந்த லைப்ரரியோட வந்தது? செயலி ஓடேக்க இதுவும் ஓடுதா, இல்லாட்டி நாங்கள் எழுதேக்க மட்டும் பாவிக்கிற கருவியா? திருத்தம் சின்னப் பதிப்பு மாற்றமா, முழுப் பதிப்பும் மாறுதா? முழுப் பதிப்பு மாறினால் செயலி உடையலாம். அதால 'ஃபோர்ஸ்' எண்டு அடிச்சுக் கண்ணை மூடிக்கொண்டு திருத்திறதில்லை. ஒவ்வொண்டாத் திருத்தி, ஓட்டிப் பார்த்து, அடுத்ததுக்குப் போவம்.

"எங்கட சின்னச் செயலியை ஆர் மச்சான் வந்து உடைக்கப் போறான்?" எண்டு எங்களுக்குள்ளயே ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் உடைக்கிறவன் எங்களைத் தெரிஞ்சு வாறதில்லை. அவன்ர நிரல் இணையம் முழுக்கக் கதவு தட்டிக்கொண்டு போகும், திறக்கிறதுக்குள்ள போகும். பெரிய இடம், சின்ன இடம் எண்ட கணக்கு அதுக்கில்லை. 2023 ஓகஸ்டில எங்கட நாட்டு அரசாங்க மின்னஞ்சல்களுக்கு நடந்ததையும் நினைச்சுப் பாருங்கோ. அங்க ஓடினது 2013ஆம் ஆண்டு எக்ஸ்சேஞ்ச் பதிப்பு. மைக்ரோசொஃப்ட் அதுக்கான ஆதரவை அந்த வருஷம் ஏப்ரலிலயே நிப்பாட்டிட்டுது. மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பிரதி இல்லாமல் அழிஞ்சு போச்சு.

எங்களுக்கு இருக்கிற பெரிய பயம் வேற. இப்ப மாதத்தில முதல் சனிக்கிழமை நாங்கள் பார்க்கிறம். அடுத்த வருஷம் எங்களில ஒருத்தர் கனடாவில, இன்னொருத்தர் கொழும்பில வேலையில. அதுக்குப் பிறகு ஆர் பார்க்கிறது? செயலி சும்மா ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. அதுக்குள்ள இருக்கிறது எங்கட அம்மாமாரின்ர, பக்கத்து வீட்டு மாமாமாரின்ர தொலைபேசி இலக்கங்கள். அவையள் ஓடிட் ஓட்டிப் பார்க்கப் போறதில்லை. எங்களை நம்பித் தந்தவை.

அதால ரெண்டு முடிவு எடுத்தம். ஒண்டு, உயர்தரம் படிக்கிற ரெண்டு பேருக்கு இந்த வேலையைப் பழக்கிறம், படிமுறையைத் தமிழில எழுதி நிலையத்துக் கொப்பியில ஒட்டியும் வைக்கிறம். மற்றது, அடையாள அட்டை இலக்கம் கேட்கிற பெட்டியைச் செயலியில இருந்து எடுத்திட்டம். "புத்தகம் திருப்பித் தராட்டி ஆளை எப்பிடிப் பிடிக்கிறது?" எண்டு செயலாளர் மாமா கேட்டார். "வீடு தெரியும்தானே மாமா" எண்டம். எங்களிட்ட இல்லாததை ஒருத்தரும் களவெடுக்கேலாது.

இதெல்லாம் செய்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2024 மார்ச்சில எக்ஸ்இஸட் எண்ட லைப்ரரிக்குள்ள வேணுமெண்டே வைச்ச பின்கதவை எந்தப் பட்டியலும் காட்டித் தரேல்லை. உள்நுழைய அரை செக்கன் கூட எடுக்குதே எண்டு சந்தேகப்பட்ட அன்ட்ரஸ் ஃப்ரொயின்ட் எண்ட பொறியியலாளர்தான் தோண்டிப் பிடிச்சவர். தெரியாத ஓட்டைக்கு அப்பிடிப்பட்ட கண்கள் வேணும். தெரிஞ்ச ஓட்டைக்கு ஒரு கட்டளையும், சனிக்கிழமை காலமை ஒரு மணித்தியாலமும் காணும். நீங்களும் எங்கயாவது பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ கழகத்துக்கோ ஏதும் செய்து குடுத்திருந்தால், இண்டைக்கு ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. என்ன வந்தது எண்டு எங்களுக்கும் சொல்லுங்கோ.